தயிருக்குச் சண்டை போட்டோம், பச்சடியைத் தொலைத்தோம்

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். பாதியில் நிறுத்துகிறவர்கள் மட்டும் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வராதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், தாராளமாகச் சண்டை போடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் அப்பா என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். பந்தியில் கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் வந்தது. கடைசியாக ஒரு பையன் வாளியோடு வந்து, "ரைத்தா வைக்கட்டுமா சார்?" என்றான். வெள்ளைத் தண்ணீரில் பெரிய வெங்காயம் மிதந்தது. இலையில் ஊற்றியதும் அது ஓடிப்போய்ச் சாம்பார் சாதத்தில் கலந்தது.

"தம்பி, இதுக்குத் தயிர்ப்பச்சடின்னு ஒரு பேர் இருக்கே" என்றேன்.

"பச்சடி வேற சார். அது மாங்கா, வெல்லம் போட்டது. சித்திரை ஒண்ணாந்தேதி பண்ணுவாங்க" என்றான்.

அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன். இருபது வயதிருக்கும். அவன் பிறந்து வளர்ந்த காலத்தில் தயிர்ப்பச்சடி என்ற சொல்லை அவன் காதில் யாரும் போடவில்லை. எங்கள் தஞ்சைப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் முதலில் வைக்கிற நாலைந்து பண்டங்களில் தயிர்ப்பச்சடி ஒன்று. இன்று அது பேரும் போய், இடமும் போய், கடைசி வாளியில் வருகிறது.

இதில் எனக்கு உறைப்பது எது தெரியுமா? 2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தயிர்ப் பாக்கெட்டில் 'தஹி' என்று பெரிதாகப் போட வேண்டும், தயிர் என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டது. தமிழ்நாடு கொதித்தது. முதலமைச்சர் கண்டித்தார். கர்நாடகத்தில் 'மொசரு' என்ற சொல்லுக்காக அவர்களும் எழுந்தார்கள். மார்ச் 30ஆம் தேதி ஆணையம் உத்தரவைத் திருத்திக்கொண்டது. நானும் அப்போது இதே பக்கத்தில் நாலு பதிவு போட்டேன். எழுநூறு பேர் விருப்பக்குறி இட்டீர்கள். செய்தது சரிதான். இன்றும் அதே நிலைதான் எனக்கு.

ஆனால் ஒரு கேள்வி. பாக்கெட்டின் மேல் இருக்கிற ஒரு சொல்லுக்காக அவ்வளவு கொதித்த நாம், பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிய பிறகு அந்தத் தயிரை வைத்து என்ன செய்கிறோம்? வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, உப்பைத் தூவி, 'ரைத்தா' என்கிறோம். இந்தப் பேரை வைக்கச் சொல்லி எந்த ஆணையமும் உத்தரவு போடவில்லை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள 'தயிர் வெங்காயம்' என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதையும் நாமே மாற்றினோம்.

ரைத்தா மேல் எனக்குக் கோபம் கிடையாது. வடக்கே அது ஒரு பெரிய குடும்பம். பூந்தி போட்டது, சுரைக்காய் போட்டது, பத்துவாக் கீரை போட்டது, ஐதராபாத்தில் பூண்டு அரைத்துக் கலக்கும் புரானி என்று எத்தனையோ. சீரகத்தை வறுத்துப் பொடித்து, கறுப்பு உப்புச் சேர்த்து, அவர்கள் அக்கறையோடு செய்கிறார்கள். கடுகுக்கு இந்தியில் 'ராய்'. அதிலிருந்துதான் ரைத்தா என்ற பேரே வந்தது என்பார்கள். நம் வாளியில் வருவதில் ஒரு கடுகுகூட இல்லை. ஆக நாம் செய்வது ரைத்தாவும் இல்லை, பச்சடியும் இல்லை. வெங்காயம் குளித்த மோர்.

பச்சடி என்ற சொல்லுக்குள்ளேயே பச்சை இருக்கிறது. ஆந்திராவில் அதே சொல்லுக்குத் துவையல் என்று பொருள். கேரளத்தில் ஓணச் சாப்பாட்டில் பச்சடியும் உண்டு, தயிரில் செய்கிற கிச்சடியும் உண்டு. கன்னடத்தில் மொசரு பஜ்ஜி, தம்புளி. நம் வீடுகளிலோ வெள்ளரிக்காய், வாழைத்தண்டு, வெண்பூசணி, வெண்டைக்காய், சுட்ட கத்தரிக்காய், நெல்லிக்காய், கற்பூரவல்லி இலை, ஒரு காயும் இல்லாத நாளில் உளுந்துமாவைக் கலக்குகிற டாங்கர் பச்சடி. இத்தனையும் போய் வெங்காயம் ஒன்று மிஞ்சியிருக்கிறது.

சரி, யார் தொலைத்தது? இந்த மாதிரிப் பதிவுகள் வழக்கமாக எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். 'அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், இந்தக் காலத்துப் பெண்கள் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள்.' என் வயதுக்காரர்கள் தினமும் ஒரு நாலு பேர் இதை அனுப்புகிறீர்கள். எனக்கு இனிமேல் அனுப்பாதீர்கள். அது பொய். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் துணைவியார் பின்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளைகள் வெளியூரில். சமையல் என் தலையில். சோறும் ரசமும் ஒருவழியாக வந்துவிட்டது. மூன்றாம் நாள் வெயில் அதிகம், வெள்ளரிக்காய்ப் பச்சடி செய்வோம் என்று பதினோரு மணிக்கே காயை நறுக்கி, தயிரில் போட்டு, உப்பும் போட்டுக் கலக்கி மூடி வைத்தேன். ஒரு மணிக்குத் திறந்தால் மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் எட்டிப் பார்த்தார். "என்னங்க, உப்ப எப்பப் போட்டீங்க?"

"கலக்கும்போதே."

"அதான். வெள்ளரிக்கா தண்ணி விட்ருச்சு. ஒண்ணு, உப்புப் போட்டுக் கால் மணி வச்சுப் பிழிஞ்சுட்டுத் தயிர்ல போடணும். இல்லன்னா, சாப்பிட உக்காரும்போதுதான் உப்புப் போடணும்."

நான் 33 வருஷம் அறிவியல் ஆசிரியர். உருளைக்கிழங்கைக் குடைந்து, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்து, குண்டூசி குத்தி மட்டம் குறித்து, சவ்வூடு பரவலை வருஷா வருஷம் நடத்தியவன். என்னிடம் படித்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி வந்தால் இன்றும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். ஆனால் உப்புப் பட்ட வெள்ளரிக்காய் தண்ணீர் விடும் என்பது என் சட்டிக்குள் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னார்.

அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம். சாப்பாட்டில் உட்கார்ந்து "இன்னைக்குப் பச்சடி கொஞ்சம் தண்ணியா இருக்கே" என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறேன்! எழுந்து போய் அது ஏன் கெட்டியாக இருக்கிறது, ஏன் தண்ணீராகிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு நல்ல பாடமும் கிடைத்திருக்கும், பிள்ளைகளுக்கு நல்ல உதாரணமும் கிடைத்திருக்கும்.

பச்சடி தொலைந்த கதை இதுதான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தை. அதை வித்தை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதி வைக்கவில்லை. மகனுக்குச் சொல்லித்தரவில்லை. மகளிடம் "நீ படி, அடுப்படிப் பக்கம் வராதே" என்றோம். மகளைப் படிக்க வைத்தது சரி. அந்த நேரத்தில் மகனையாவது அடுப்படிக்கு அனுப்பினோமா? நாமாவது போனோமா? இப்போது அந்தப் பெண் காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கையில், "பச்சடி எங்கே?" என்று முகநூலில் கேட்கிறோம்.

அந்த ஆறு வாரமும் அவர் சொல்லச் சொல்ல ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பத்தொன்பது பச்சடி. அதில் சிலதை, அதன் காரணத்தோடு, இங்கே தருகிறேன். காரணம் தெரிந்தால் மறக்காது.

வாழைத்தண்டு: வட்டமாக நறுக்கும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு பொடியாக நறுக்கி, உடனே மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் தண்டில் உள்ள நொதி அதைக் கறுக்க வைக்கும். மோரின் புளிப்பு அந்த நொதியை மட்டுப்படுத்தும். பிழிந்தெடுத்துக் கெட்டித் தயிரில் போட்டு, பச்சைமிளகாய், பெருங்காயம், கடுகு தாளித்தால் போதும்.

வெண்டைக்காய்: ஈரம் போகத் துடைத்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, எண்ணெயில் மொறுமொறுவென்று வதக்க வேண்டும். முன்கூட்டியே தயிரில் போடக்கூடாது. இலை போட்ட பிறகு கலந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும்.

வெண்பூசணி: இதற்குத்தான் கடுகு அரைக்க வேண்டும். ஒரு கிண்ணம் தயிருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், ஒரு பச்சைமிளகாய், கால் தேக்கரண்டி கடுகு. தேங்காயை முதலில் அரைத்து, கடுகைக் கடைசியில் போட்டு ஒரே ஒரு சுற்று. முழுக் கடுகை முகர்ந்து பாருங்கள், வாசனையே இருக்காது. நசுங்கி ஈரம் பட்டதும்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து மூக்கில் ஏறும் காரத்தை உண்டாக்குகிறது. எண்ணெயில் பொரித்தால் அந்த நொதி செத்துவிடும்; அதனால்தான் தாளித்த கடுகு காரமாக இருப்பதில்லை. ஒரே கடுகு, இரண்டு குணம். வேகவைத்த பூசணியை நன்றாக ஆறவிட்டுத் தயிரில் சேருங்கள். சூட்டோடு கொட்டினால் தயிர் திரிந்துபோகும். தாளிப்புக்கும் அதே விதி.

டாங்கர்: உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் தயிருக்கு இரண்டு தேக்கரண்டி பொடி, உப்பு, கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயத் தாளிப்பு. ஐந்து நிமிஷம் போனால் பொடி ஊறித் தானே கெட்டியாகும். மாசக் கடைசியில் வீட்டில் ஒரு காயும் இல்லாத நாளில் எங்கள் அம்மா இதை வைத்து ஏழு பேருக்குச் சோறு போட்டிருக்கிறார்.

"நேரம் எங்கே சார்?" என்று கேட்பீர்கள். டாங்கருக்கு ஐந்து நிமிஷம். வெள்ளரிக்குப் பத்து நிமிஷம், பிழிகிற நேரத்தையும் சேர்த்து. "குழந்தை காய்கறியே தொடமாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் தண்டையும் பூசணியையும் தயிரில் ஒளித்துக் கொடுத்துப் பாருங்கள். என் பேத்தி பொரியலைத் தொடமாட்டாள், வாழைத்தண்டுப் பச்சடியை இரண்டாம் தரம் கேட்பாள்.

அந்தப் பேத்தி வீட்டு ஃபிரிட்ஜில் போன தடவை ஒரு பிளாஸ்டிக் டப்பா பார்த்தேன். 'மின்ட் டிப்'. உள்ளங்கை அளவு. அந்த விலைக்கு ஒரு லிட்டர் பால் வாங்கி மிச்சமும் கையில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்தேன். தயிரோடு சர்க்கரை, எண்ணெய், கெட்டிப்படுத்தும் பொருள். தயிரைக் கெட்டிப்படுத்த எதற்கு ஒரு பொருள்? துணியில் கட்டி இரண்டு மணி தொங்கவிட்டால் போகிறது. புதினாவையும் பச்சைமிளகாயையும் அரைத்துக் கலந்தேன். முறுக்கைத் தொட்டுத் தின்றுவிட்டு, "தாத்தா, இது என்ன டிப்?" என்றாள். "பச்சடிம்மா" என்றேன். "பச்சடி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு சொல்லைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

துணைவியாருக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கையில் பிடி பழையபடி வரவில்லை. தேங்காய் துருவவும் வெள்ளரி பிழியவும் அவரால் முடியாது. இனிமேல் எங்கள் வீட்டில் பச்சடி இருக்க வேண்டுமென்றால் நான் செய்தால்தான் உண்டு. வாரம் நாலு நாள் செய்கிறேன். இன்னும் அவர் உப்புப் பார்த்துத்தான் இலைக்கு வருகிறது.

ஆகவே என் வயது ஆண்களுக்குச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிவிட்டீர்கள். ஓய்வூதியம் வருகிறது. காலை நடை முடிந்தால் மதியம்வரை வேலை கிடையாது. கலாச்சாரம் அழிகிறது என்று மணிக்கொரு பதிவு போடுகிறீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருபது பச்சடி தெரியும். இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள், எழுதுங்கள், பிறகு கத்தியை எடுங்கள். அவர் கை நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.

பின்னூட்டத்தில் உங்கள் வீட்டுப் பச்சடி ஒன்றைச் செய்முறையோடு எழுதுங்கள். ஆண்கள் எழுதுவதாக இருந்தால் ஒரு நிபந்தனை: நீங்களே ஒரு தரம் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும். 'அருமை ஐயா' என்று மட்டும் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.