எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டலாமா?

"அது உங்க ஜீன்லயே இருக்குங்க. நாம என்ன பண்ண முடியும்?"

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, ஒரே வருடத்தில் எட்டு பத்து கிலோ ஏறிப்போனவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் இது. டாக்டர் சொல்கிறார், யூடியூபில் டயட் வகுப்பு எடுப்பவர் சொல்கிறார். வீட்டில் மாமியார் "அவ அம்மா வீட்டு வாகு அப்படி" என்று அதையே வேறு விதமாகச் சொல்கிறார். கேட்பவருக்கும் ஒரு நிம்மதிதான். இதுவரை "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று பேச்சு வாங்கியவருக்கு, "பாவம், பரம்பரை" என்ற சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

பழி சுமத்துவதை விட இது எவ்வளவோ தேவலை. ஆனால் இந்த ஆறுதலோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், பசி எப்போது மாறியது என்ற கேள்விகளை அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கூற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"பருமன் எழுபது சதவீதம் பரம்பரை" என்பது அதன் முதல் கால். இந்த எண் யாரும் இட்டுக்கட்டியதல்ல. ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்வீடனில் பிறந்து பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையர் 93 ஜோடிகளைப் பார்த்தார்கள். ஜோடிகளுக்குள் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடை) ஒத்துப்போன அளவு ஆண்களில் 0.70, பெண்களில் 0.66. கணக்கில் பிழையில்லை, அதற்குச் சொல்லப்படும் பொருளில்தான் பிழை. ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரிச் சூழலில் வாழும் மனிதர்களுக்கு இடையே எடை ஏன் வேறுபடுகிறது என்பதைத்தான் அந்த எண் பேசுகிறது. உங்கள் எண்பது கிலோவில் ஐம்பத்தாறு கிலோவை ஜீன் போட்டது என்று அது சொல்லவில்லை. காலம் மாறினால் அதே ஜீனின் பலமும் மாறும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் இருந்தவர்களைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்து 2015இல் பார்த்தார்கள். 'குண்டு ஜீன்' என்று பெயர் வாங்கிய எஃப்.டி.ஓ.வுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு, 1942க்குப் பின் பிறந்தவர்களிடம் பளிச்சென்று தெரிந்தது. முன்னால் பிறந்தவர்களிடம் அதைக் காணவில்லை. ஜீன் அதேதான்; சாப்பாடும் உழைப்பும் மாறியிருந்தன.

அடுத்த வாதம்தான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது: "மனச்சோர்வு உள்ளவர்களிடம் குண்டு ஜீன் இரட்டிப்பாக வேலை செய்யும்."

இது வெறும் வதந்தியில்லை, இதற்கு ஒரு மூலக்கதை உண்டு. எஃப்.டி.ஓ.வுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 2007இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. தேடிப் போனது சர்க்கரை நோயின் ஜீனை. கையில் சிக்கியது எடையின் ஜீன். அதன் ஆபத்து வடிவம் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டுமே வந்துசேர்ந்தவர்கள், எதுவுமே வராதவர்களை விடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். பிறகு 2012இல் மார்கரிட்டா ரிவேராவின் குழு, மனச்சோர்வு நோயாளிகளிடம் இந்த ஜீனின் தாக்கம் மற்றவர்களை விட அதிகம் என்று சொன்னது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்து 13,701 பேரில் மறுபடி சோதித்தபோதும் அது நின்றது. வழக்கமான விளைவுக்கு மேலாக, ஆபத்து வடிவம் ஒவ்வொன்றுக்கும் பி.எம்.ஐ. இன்னும் 2.2 சதவீதம் கூடுகிறது என்றார்கள்.

2.2 சதவீதம் என்றால் எவ்வளவு? 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் பி.எம்.ஐ. 25 என்றால் எடை 64 கிலோ. அதில் 2.2 சதவீதம் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இரண்டு பிரதி இருந்தாலும் மூன்று கிலோவைத் தொடாது. இதுவும் ஒரு கூட்டத்தின் சராசரி. தனி ஆளுக்குக் கட்டிய ஜாதகமில்லை. மிச்ச எடை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எஃப்.டி.ஓ.விடம் பதிலில்லை.

அதே ஜீனைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தது. எடையைக் கூட்டும் அந்த வடிவம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, ஒவ்வொரு பிரதிக்கும் 8 சதவீதம் குறைவாக இருப்பதாக அவர்கள் கண்டார்கள். ஆமாம், குறைவாகத்தான். ஒரு ஜீன் எடையைக் கூட்டி மனதையும் சாய்க்கிறது என்ற கதைக்குள் இது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. போதாக்குறைக்கு, 2015இல் வந்த இன்னொரு ஆய்வு எஃப்.டி.ஓ. என்பது விலாசம் மட்டும்தான், உண்மையில் வேலை செய்வது பக்கத்து வீட்டு ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஜீன்கள் என்று காட்டியது. கொழுப்பை எரித்து வெப்பமாக்க வேண்டிய செல்களை, கொழுப்பைச் சேமிக்கும் செல்களாக அவை திருப்பிவிடுகின்றன.

"மனச்சோர்வும் பருமனும் ஒரே ஜீனின் இரண்டு முகம்" என்கிறார்கள் இன்னும் சிலர். 2018இல் வெளிவந்த பெரிய மனச்சோர்வு மரபணு ஆய்வில் நோயாளிகள் மட்டும் 1,35,458 பேர். மனச்சோர்வுக்கும் பி.எம்.ஐ.க்கும் இடையே மரபணு ஒற்றுமை எவ்வளவு என்று அதில் அளந்தார்கள். முழு ஒற்றுமை இருந்தால் 1 என்று வர வேண்டிய இடத்தில் வந்தது 0.09. தொடர்பு உண்டு, மெல்லியது.

இந்த மெல்லிய தொடர்பும் எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஆம்ஸ்டர்டாமின் யூரி மிலானெஸ்கி குழு 2017இல் நோயாளிகளை அவர்களது பசியை வைத்துப் பிரித்தது. மனச்சோர்வு வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. தட்டை நகர்த்திவிடுவார்கள், விடியற்காலையிலேயே விழித்துக்கொள்வார்கள், சட்டை தொளதொளவென்று ஆகிவிடும். வேறு சிலருக்கு நேர்மாறு: பசி கூடும், இனிப்பு இழுக்கும், பத்து மணி நேரம் தூங்கியும் எழ முடியாது. இரண்டுக்கும் கேஸ் ஷீட்டில் ஒரே பெயர்தான். பி.எம்.ஐ. ஜீன்களோடும், லெப்டின் ஹார்மோனோடும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யோடும் மரபணுத் தொடர்பு தெரிந்தது பசி கூடிய அந்த வகையில்தான். பசி அற்றுப்போன வகையில் அது தெரியவில்லை. "மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருமன் ஆபத்து" என்று மொத்தமாகச் சொல்வது, இந்த இரண்டு வகை மனிதர்களையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. பசி கூடியதா குறைந்ததா என்று கேட்க ரத்தம் எடுக்க வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், அரை நிமிடம் போதும்.

திசையையும் பார்க்க வேண்டும். 2010இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் கூடுதல், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் கூடுதல் என்று வந்தது. இரு வழிச் சாலை. மரபணு ஆய்வுகள் இதில் பருமனிலிருந்து மனச்சோர்வுக்குப் போகும் வழியைத்தான் வலுவாகக் காட்டுகின்றன. எக்ஸிட்டர் பல்கலைக்கழகக் குழு 2019இல் யு.கே. பயோபாங்க் தரவில் ஒரு நுட்பம் செய்தது. கொழுப்பைக் கூட்டினாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொல்லைகளைத் தராமல், சொல்லப்போனால் அவற்றைக் குறைக்கும் சில ஜீன் வடிவங்கள் உண்டு. அவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் மனச்சோர்வு வாய்ப்பு கூடியே இருந்தது. வியாதி இல்லாமல் குண்டாக மட்டும் இருந்தாலே மனம் அடிபடுகிறது, அதிலும் பெண்களிடம் தொடர்பு வலுவாக இருக்கிறது என்றால், மனதை அடிப்பது எது? துணிக்கடையில் "உங்க சைஸ் இங்க இல்லம்மா" என்பதும், கல்யாண வீட்டில் தோளைத் தட்டி "கொஞ்சம் குறைக்கக்கூடாதா" என்பதும் எந்த ஜீனின் வேலை?

"சரி, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே." எச்சிலைக் குழாயில் துப்பிக் கூரியரில் அனுப்பினால் வண்ண வண்ண அறிக்கை வரும். விலை ஆயிரங்களில். அறிக்கையின் பின்னால் இருக்கும் அறிவியலின் நிலை இதுதான்: 2010இல் தெரிந்திருந்த 32 மரபணு இடங்களையும் கூட்டினால் மனிதர்களுக்கு இடையேயான பி.எம்.ஐ. வித்தியாசத்தில் 1.45 சதவீதம் விளங்கியது. அந்த 32 இடங்களைக் கொண்டு ஒரு மதிப்பெண் போட்டு, மனச்சோர்வு நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மதிப்பெண்ணைச் சேர்த்தால் பருமனைக் கணிப்பது மேம்படுகிறது என்றது. உண்மைதான், அந்த 1.45 சதவீதத்தின் எல்லைக்குள். 2019இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைச் சேர்த்து ஒரு பிரம்மாண்ட மதிப்பெண் வந்தது. அதிகபட்ச மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும், கடைசிப் பத்தில் ஒரு பங்கினருக்கும் நடுவயதில் 13 கிலோ வித்தியாசம். பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் அந்த உச்ச ஆபத்துக் கூட்டத்திலும் 17 சதவீதம் பேர் சாதாரண எடையில்தான் இருந்தார்கள்.

இதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தில் எழுதிய கணக்கு. இத்தகைய மதிப்பெண்களின் துல்லியம் தெற்காசியர்களிடம் சுமார் 37 சதவீதம் குறைகிறது என்று 2019இல் கணக்கிட்டார்கள். நம் ஊர்த் தரவு இல்லாமலில்லை. சென்னையில் 1,618 பேரிடம் எஃப்.டி.ஓ.வை ஆராய்ந்து 2016இல் வந்த கட்டுரையில், உடலுழைப்பு இல்லாதவர்களிடம் ஆபத்து வடிவம் உள்ளவர்களுக்குப் பருமன் வாய்ப்பு 1.89 மடங்கு என்று வந்தது. உழைப்பைச் சேர்க்காமல் அந்த ஜீனைப் பற்றிப் பேசவே முடியாது என்பதுதான் அதன் சாரம். ஸ்டான்ஃபோர்டில் 2019இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. 'உனக்குச் சீக்கிரம் வயிறு நிறையும் ஜீன்' என்று சிலரிடம் சொன்னார்கள், அது உண்மையா இல்லையா என்று பாராமல். அதைக் கேட்ட பிறகு சாப்பிட்டவர்களுக்கு, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஜி.எல்.பி.-1 ஹார்மோன் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்தது. ஏற்கெனவே மனம் தளர்ந்த ஒருவரிடம் "உங்களுக்கு ஆபத்து ஜீன்" என்ற தாளை நீட்டும்முன் இதை யோசிக்க வேண்டாமா?

மரபணுச் சோதனைக்கு நியாயமான இடமும் உண்டு. இரண்டு மூன்று வயதிலேயே அடங்காத பசியோடு அபரிமிதமாக எடை கூடும் குழந்தைகளிடம் எம்.சி.4.ஆர்., லெப்டின் ஏற்பி போன்ற ஒற்றை ஜீன் கோளாறுகளைத் தேட வேண்டும். சிலவற்றுக்கு இன்று மருந்தும் இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் மனச்சோர்வு மாத்திரைக்குப் பிறகு எடை கூடியவரின் கதை அதுவல்ல.

"ஜீன் இருந்தால் டயட்டும் நடையும் வீண்" என்பதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. எட்டு மருத்துவச் சோதனைகளில் 9,563 பேரைப் பார்த்து 2016இல் வந்த ஆய்வில், எஃப்.டி.ஓ. ஆபத்து வடிவம் உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே எடை குறைந்தார்கள். தீர்ந்தது.

இனி, ஜீன் பேச்சில் காணாமல்போகும் ஆளுக்கு வருவோம். மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே பெயர், வயது, பி.பி. எடை என்று அச்சடித்த இடம் காலி. கீழே மிர்டாசபின் 15, இரவு ஒன்று. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வந்தவருக்கு அது நல்ல மருந்துதான். பசியைக் கிளப்புவது அதன் இயல்பு. ஆனால் ஏற்கெனவே பசி கூடிய வகைக்காரருக்கும் அதே சீட்டு போனால், இரவு பத்தரைக்கு அவர் சமையலறையில் நின்றுகொண்டு மிச்சச் சோற்றைப் பிசைவார். அதற்கு ஜீனைத் தேட வேண்டியதில்லை, ஹிஸ்டமின் ஏற்பியை மருந்து அடைப்பதே போதும். அமிட்ரிப்டிலின், பராக்ஸடின் எடை கூட்டும் பக்கம். புப்ரோபியான் குறைக்கும் பக்கம். கூடவே சேர்த்துக் கொடுக்கும் ஓலான்சபின் இவை எல்லாவற்றையும் தாண்டும். பிரிட்டனில் சுமார் மூன்று லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2018இல் வந்த ஆய்வில், மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ எடை கூடும் வீதம் மற்றவர்களை விட 21 சதவீதம் கூடுதல். அது உச்சத்தில் இருந்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில், அதாவது டாக்டர் "நல்லா இருக்கீங்க, அதையே கன்டின்யூ பண்ணுங்க" என்று சொல்லும் காலத்தில். 2025இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் இடையே எடை மாற்றத்தில் 4 கிலோ வரை வித்தியாசம் வருகிறது. எஃப்.டி.ஓ. இரண்டு பிரதிக்கு 3 கிலோ, மருந்துத் தேர்வுக்கு 4 கிலோ. இவற்றில் நம்மால் மாற்ற முடிந்தது எது?

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, மறுபடியும் நோய் என்று வரும். எடையை விட அது மோசம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதல் சீட்டு எழுதும் அன்றே எடை பார்த்துக் குறித்துக்கொள்வது, பசி கூடியதா குறைந்ததா என்று சொல்வது, முதல் மாதத்திலேயே இரண்டு கிலோ ஏறினால் மூன்றாவது மாதம் வரை காத்திராமல் போய் "டாக்டர், இதுக்குப் பதிலா வேற மாத்திரை இருக்கா?" என்று கேட்பது.