எலும்புக்கு உத்தரவு போடுவது யார்?

கை முறிந்தால் மாவுக் கட்டுப் போடுகிறார்கள். சில வாரங்களில் எலும்பு கூடிவிடுகிறது. கட்டுப் போட்டவர் டாக்டர். எலும்பைக் கூட்டியது யார்?

எலும்பு மஜ்ஜையில் ஒருவகை அணுக்கள் இருக்கின்றன. 'ஸ்டெம் செல்' என்று பெயர். இவற்றுக்கு என்று தனித் தொழில் கிடையாது. கொழுப்பாகவும் மாறும், குருத்தெலும்பாகவும் மாறும், எலும்பாகவும் மாறும். எதுவாக மாறுவது என்பதற்கு உத்தரவு வர வேண்டும்.

அந்த உத்தரவைத் தேடிப் பிடித்தவர் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர். 1965-ம் ஆண்டு அவர் வெளியிட்ட சோதனை வேடிக்கையானது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்து முழுவதையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது ரப்பர் போன்ற சக்கை. அதை முயலின் தசைக்குள் வைத்துத் தைத்தார். தசைக்குள் எலும்பு முளைத்தது!

செத்த எலும்பின் சக்கையில் இருந்த ஏதோ ஒன்று, அக்கம்பக்கத்து அணுக்களை "எலும்பாக மாறு" என்று ஏவியிருக்கிறது. அது ஒரு புரதம். 'பி.எம்.பி.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இந்தப் புரதம் அணுவின் வாசலில் உள்ள பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. உடனே 'ஸ்மாட்' என்ற தூதர்கள் உள்ளே ஓடுகிறார்கள். அணுவின் கருவுக்குள் 'ரன்க்ஸ்-2' என்ற விசை தட்டப்படுகிறது. இந்த விசை இல்லாவிட்டால் எலும்பே கிடையாது. அதை நீக்கிய எலிக் குஞ்சுகளை 1997-ல் பார்த்தார்கள். குருத்தெலும்பு இருந்தது, எலும்பு இல்லை. பிறந்தவுடன் மாண்டன.

நிற்காத உத்தரவு

"மாறு" என்று சொன்னால் மட்டும் போதுமா? "போதும், நிறுத்து" என்றும் சொல்ல வேண்டும். அதற்கும் உடம்பில் புரதங்கள் உண்டு. 'நாகின்' அவற்றில் ஒன்று.

உத்தரவு நிற்காவிட்டால் என்ன ஆகும்? அபூர்வமான ஒரு நோய் இருக்கிறது. பூட்டிலேயே கோளாறு. கீழே விழுந்து அடிபட்டால்கூட அந்த இடத்துத் தசை எலும்பாகிவிடும். ஹாரி ஈஸ்ட்லாக் என்ற அமெரிக்கர் இந்த நோயால் 1973-ல் இறந்தார். நாற்பது வயது நிரம்பவில்லை. கடைசியில் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்ததாம்! தம் எலும்புக்கூட்டை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிலடெல்பியா மியூட்டர் காட்சிசாலையில் அது இருக்கிறது. ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2006-ல் கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவு வலிமையான உத்தரவைக் கடைச் சரக்காக்கினால்?

கடைக்கு வந்த கதை

அதுதான் நடந்தது. பி.எம்.பி.-2 புரதத்தை ஆலையில் தயாரித்தார்கள். முதுகெலும்பு ஆபரேஷனுக்கு அமெரிக்க அரசு 2002-ல் அனுமதி கொடுத்தது. இடுப்பெலும்பிலிருந்து துண்டு வெட்டி எடுக்க வேண்டாம், அந்த வலியும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், உடம்பில் இது இருப்பது நானோகிராம் கணக்கில். ஆபரேஷனில் வைத்ததோ மில்லிகிராம் கணக்கில். லட்சக்கணக்கான மடங்கு! காதோடு சொல்ல வேண்டியதை ஒலிபெருக்கி வைத்துக் கத்தினார்கள்.

அனுமதி இல்லாத கழுத்து ஆபரேஷனிலும் சிலர் பயன்படுத்தினார்கள். தொண்டை வீங்கி மூச்சுத் திணறியவர்கள் உண்டு. 2008-ல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டது.

கம்பெனிப் பணத்தில் நடந்த சோதனைகள் பற்றி 13 கட்டுரைகள் வந்திருந்தன. 780 நோயாளிகள். மருந்தால் கெடுதல் வந்தது ஒருவருக்கும் இல்லை என்றன அவை! ஒருவருக்குக்கூட இல்லை என்றபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? முதுகெலும்பு டாக்டர்களின் பத்திரிகை ஒன்றுதான் 2011-ல் இந்தக் குட்டை உடைத்தது. அந்த டாக்டர்களைப் பாராட்ட வேண்டும். சொந்தத் தொழில்காரர்களின் தவறை அச்சில் சொல்வது லேசான காரியமா?

பிறகு கம்பெனியின் முழுக் கணக்கும் யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் இரண்டு தனிக் குழுக்களிடம் போயிற்று. அவர்கள் 2013-ல் சொன்னது என்ன? இடுப்பெலும்பைவிட இந்த மருந்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்பதுதான்.

மருந்தைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. சதை கிழிந்து எலும்பு வெளியே தெரியும் கால் முறிவுக்கு 2004-ல் அனுமதி கொடுத்தார்கள். அதற்கு நியாயம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டிய இடத்தில் மட்டும் உத்தரவு போடும் வழியை இப்போது ஆராய்கிறார்கள். சர்க்கார் பணம் அதற்குப் போகட்டும்.

மருந்து கடைக்கு வந்தது 2002-ல். முழுக் கணக்கு வெளியானது 2013-ல். இடையில் 11 வருஷம். சோதனையின் முழுக் கணக்கையும் வெளியிட்ட பிறகே விற்பனைக்கு அனுமதி என்று சட்டம் செய்ய வேண்டும்.