ஜோகன்னஸ்பர்க்: வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே

தென்னாப்பிரிக்காவின் பங்குச் சந்தை, பெரிய வங்கிகளின் தலைமையகங்கள், சுரங்க நிறுவனங்களின் அலுவலகங்கள் எல்லாம் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கின்றன. ஆப்பிரிக்கச் சந்தையில் கால்வைக்க நினைக்கும் பம்பு உற்பத்தியாளரோ மருந்து ஏற்றுமதியாளரோ மென்பொருள் நிறுவனமோ ஒருமுறையாவது அங்கே ஆளனுப்ப வேண்டியிருக்கும். வன்குற்றத்திலும் அந்த நாட்டின் பெயர் பெரிது. 2022இல் இந்தியா முழுவதும் பதிவான கொலைகள் 28,522. ஆறு கோடிச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட தென்னாப்பிரிக்காவில் 2022-23 நிதியாண்டில் பதிவானவை 27,000க்கு மேல்.

இவற்றில் பெரும்பகுதி ஏழைகள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகளில் நடப்பவை. வெளியூர் வணிகரைக் குறிவைப்பவர்களுக்கு வேண்டியது பணமும் கைபேசியும் மடிக்கணினியும்தான். ஆனால் அவர்கள் கையில் பெரும்பாலும் துப்பாக்கி இருக்கிறது. கொள்ளை எந்த நொடியிலும் கொலையில் முடியலாம். பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே போய் வேலையை முடித்து நலமாகத் திரும்புகிறார்கள். ஏற்பாடு இல்லாமல் ஆளை அனுப்புவதுதான் தவறு.

இனப்பாகுபாட்டு ஆட்சி முடிந்த 1990களில் நிறுவனங்கள் பழைய நகர மையத்தைவிட்டு வடக்கே சாண்டன், ரோஸ்பேங்க் பக்கம் நகர்ந்தன. பங்குச் சந்தையே 2000இல் சாண்டனுக்குப் போய்விட்டது. அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் மதில், மின்வேலி, கேமரா, ஆயுதம் ஏந்திய காவலர். நாட்டில் அரசுக் காவலர்களைவிடத் தனியார் காவலர்கள் பல மடங்கு அதிகம். ஆகவே விடுதிக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் ஆபத்து குறைவு. காவல் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவேதான் ஆள் அகப்படுகிறார்: விமான நிலைய வாசலில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, சிக்னலில், விடுதியின் இரும்புக் கதவு திறக்கும்வரை நிற்கும் அரை நிமிடத்தில், வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில். பாதுகாப்புத் திட்டத்தின் முக்கால் பங்கு இந்த இடைவெளிகளைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

அந்தத் திட்டம் விமான டிக்கெட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா, நைரோபி என்று ஏதோ ஓர் ஊரில் மாறவேண்டும். ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்தில் பகலில் இறங்கும் விமானமும் உண்டு, இருட்டிய பிறகு இறங்குவதும் உண்டு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று இரவு விமானத்தைப் பிடிப்பது இந்த ஊர் விஷயத்தில் மோசமான சிக்கனம். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். மாலை ஐந்தரையை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்குத் தொடங்கும் கூட்டம் முடிகிறபோது வெளியே இருட்டாகத்தான் இருக்கும். சந்திப்புகளைக் காலையில் வைத்துக்கொண்டால் திரும்பும் வழியும் வெளிச்சத்தில் அமையும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அங்கே 12 மணி நேரத்துக்குமேல் தங்கல் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் தென்னாப்பிரிக்கக் குடியேற்ற மேசையைக் கடக்கமுடியாது.

விமான நிலையத்திலிருந்து வண்டியைப் பின்தொடர்ந்து வந்து விடுதி வாசலிலோ வீட்டு வாசலிலோ மறித்துக் கொள்ளையடிப்பது ஜோகன்னஸ்பர்க்கில் பழகிப்போன குற்ற முறை. நிலையத்துக்குள்ளேயே நோட்டம் பார்க்கும் ஆள் இருப்பார். நாணய மாற்றுக் கவுன்டரில் கட்டுக்கட்டாகப் பணம் எண்ணுபவர், விலையுயர்ந்த கைக்கடிகாரம் கட்டியவர், யார் வண்டியில் போவது என்று தெரியாமல் விழிப்பவர் ஆகியோரை அவர் கண் முதலில் பிடிக்கும். முதல் நாள் செலவுக்கான சிறு தொகையை ஊரிலேயே மாற்றிக்கொண்டு, மற்றதற்கு அட்டையை நம்புவது நல்லது. அட்டையைக் கடைகளில் எங்கும் வாங்கிக்கொள்கிறார்கள். தெருவோர ஏடிஎம் வேண்டாம். உதவி செய்வதுபோல் நெருங்கி அட்டையை மாற்றிவிடும் கூட்டம் அங்கே நிற்கும்.

பகலில் இறங்கித் தனியாகச் செல்பவருக்கு கௌட்ரெயின் நல்ல வழி. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்றுமுன் திறக்கப்பட்ட இந்த ரயில் விமான நிலையத்திலிருந்து சாண்டனுக்குச் சுமார் 15 நிமிடத்தில் போய்ச் சேருகிறது. நிலையங்களில் காவல் உண்டு. பின்னிரவில் ஓடாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். சாண்டனில் இறங்கியபின் விடுதி ஐந்து நிமிட நடைதான் என்றாலும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கக்கூடாது. விடுதி வண்டியை நிலையத்துக்கே வரச் சொல்லலாம்.

மற்ற நேரங்களில் முன்பதிவு செய்த வண்டியே சரி. ஓட்டுநரின் பெயர், படம், கைபேசி எண், வண்டி எண் நான்கும் புறப்படுவதற்குமுன் பயணியின் கையில் இருக்கவேண்டும். வரவேற்புப் பலகையில் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதைப் பார்த்து அதே பெயரை அட்டையில் எழுதிக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் வந்து நிற்க ஒரு நிமிடம் போதும். முன்பே பேசிவைத்த ஒரு சொல்லை ஓட்டுநர் முதலில் சொல்லவேண்டும். “கோயம்புத்தூரிலிருந்து வருபவர்தானே?” என்று அவர் கேட்டுப் பயணி “ஆமாம்” என்பது சரிபார்ப்பு ஆகாது. செயலி வழி டாக்சி என்றால், ஏறுமிடத்தில் கவனம் தேவை. சில வணிக வளாகங்களிலும் ரயில் நிலையங்களிலும் மினிபஸ் டாக்சிக்காரர்களுக்கும் செயலி ஓட்டுநர்களுக்கும் மோதல் நடப்பதுண்டு; பயணி நடுவில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

சிக்னலில் நிற்கும் வண்டியின் கண்ணாடியை உடைத்துப் பையைப் பறிப்பது அங்கே அன்றாடச் செய்தி. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்த சிறு துண்டு ஒன்று போதும். பக்கக் கண்ணாடி ஒரே வீச்சில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். இருக்கையில் கிடக்கும் மடிக்கணினிப் பை, தொடையில் வைத்திருக்கும் கைபேசி இரண்டும் இரண்டு நொடியில் போய்விடும். பை டிக்கியில் இருக்கவேண்டும். அதுவும் புறப்படும் இடத்திலேயே உள்ளே போயிருக்கவேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில், எல்லோரும் பார்க்க, இருக்கையிலிருந்து எடுத்து டிக்கியில் வைத்துவிட்டு உள்ளே போவது பை இருக்கும் இடத்தைத் தெருவுக்கே காட்டிக்கொடுப்பதாகும். கண்ணாடியில் உடைபடாத படலம் ஒட்டிய வண்டியைக் கேட்டு வாங்கலாம். அங்கே எல்லோருக்கும் அது தெரியும். ஓட்டுநர் நல்லவரா என்பதற்கு ஓர் அடையாளம்: சிக்னலில் முன்வண்டியின் பின்டயர் தரையைத் தொடும் இடம் தெரியுமளவு இடைவெளி விட்டு நிறுத்துவார். ஒடித்துத் திருப்பி வெளியேற அந்த இடம் வேண்டும்.

வாடகை வண்டியைத் தானே ஓட்டுவது முதல்முறை போகிறவருக்கு ஏற்றதல்ல. ஓட்டியே தீரவேண்டும் என்றால், பூட்டும்போது ரிமோட்டை நம்பக்கூடாது. பக்கத்தில் நிற்கும் வண்டியிலிருந்து அலைவரிசையை மறித்துக் கதவு பூட்டாமல் செய்துவிடுவார்கள். பொத்தானை அழுத்தியபின் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது அங்குள்ளவர்களின் அனிச்சைப் பழக்கம்.

நீல விளக்கு சுழலும் வண்டியில் போலீஸ் வேடத்தில் வந்து மறிக்கும் கும்பல்களும் உண்டு. விமான நிலைய நெடுஞ்சாலை அவர்களுக்கு உகந்த இடம். அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, தொடர்ந்து வருமாறு கையால் காட்டியபடி அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்குக்கோ போய் நிறுத்துவது வழக்கம். இந்தச் சூழலில் என்ன செய்வார் என்று முதல் நாளே ஓட்டுநரிடம் கேட்டுவிடவேண்டும். யோசித்துப் பதில் சொல்கிறவரைவிடச் சட்டென்று சொல்கிறவர் மேல்.

துப்பாக்கி நீட்டப்பட்டுவிட்டால் திட்டம் எளிது: கொடுத்துவிட வேண்டும். கைகள் கண்ணில் படும்படி இருக்கவேண்டும், திடீர் அசைவு கூடாது, முகத்தை உற்றுப் பார்க்கக்கூடாது. சீட் பெல்ட்டைக் கழற்றக் கைபோவதைக்கூடச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும். இப்படிப் பொருளைக் கொடுத்துவிட்டு வரும் ஊழியரை நிறுவனம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்பதும் திட்டத்தின் பகுதியே. “கம்பெனி லேப்டாப் போனால் பதில் சொல்லணும்” என்ற பயத்தில் பையைப் பிடித்து இழுத்து உயிரை விடுவதைப்போன்ற கொடுமை வேறில்லை. தரவு இல்லாத, குறியாக்கம் செய்த கணினியைக் கொடுத்தனுப்பினால் அந்தப் பயமே எழாது. கடவுச்சீட்டு விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும்; வெளியில் போகும்போது நகல் போதும்.

இந்திய வணிகர்கள் தனியாக யோசிக்கவேண்டியது கடத்தல். கடந்த பத்தாண்டுகளில் ஜோகன்னஸ்பர்க் உள்ள கௌட்டெங் மாகாணத்தில் தெற்காசிய வம்சாவளி வணிகர்களைப் பணயத்துக்காகக் கடத்துவது கூடியிருக்கிறது. பெரும்பாலும் அங்கேயே வாழ்பவர்கள்தான் இலக்கு. புதிதாக வருகிறவரை இழுக்கும் வழி வேறு: பெரிய கொள்முதல் ஆணை, மலிவு விலையில் உலோகக் கழிவு, அரசுத் துறையின் டெண்டர் என்று மின்னஞ்சல் வரும், நேரில் வந்து கையெழுத்திடச் சொல்வார்கள், “விமான நிலையத்துக்கு எங்கள் வண்டியே வரும்” என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியம் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டும். நிறுவனம் உண்மையானதுதானா என்று அந்நாட்டு நிறுவனப் பதிவேட்டில் பார்க்கவேண்டும். மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தனியாகத் தேடிய எண்ணில் அழைத்துப் பேசவேண்டும். முதல் சந்திப்பைப் பயணி தங்கும் விடுதியின் கூட்ட அறையிலேயே வைக்கலாம். நேர்மையான வாடிக்கையாளர் அதை மறுக்கமாட்டார். சிலமணிநேரம் பிடித்துவைத்துக் கைபேசி வழியே பணத்தை மாற்றவைக்கும் கடத்தலும் நடக்கிறது. வங்கிச் செயலிகளை ஊரில் விட்டுவிட்டு, பரிமாற்ற உச்சவரம்பைக் குறைத்துவிட்டுப் போவது அதற்குத் தடுப்பு.

குற்றத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு மருத்துவத்தை மறந்துவிடுகிறார்கள். சாலை விபத்துகளில் தென்னாப்பிரிக்கா ஆண்டுக்குச் சுமார் 12,000 உயிர்களை இழக்கிறது. தரமான சிகிச்சை தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும், முன்பணமோ காப்பீட்டு உத்தரவாதமோ காட்டவேண்டியிருக்கும். காப்பீட்டு அட்டையும் இரத்த வகையும் சட்டைப் பையில் காகிதமாக இருப்பது நல்லது. கைபேசி பறிபோன பிறகும் அது இருக்கும். அதே காகிதத்தில் 10111 (காவல்), 10177 (ஆம்புலன்ஸ்), கைபேசியிலிருந்து அழைக்க 112, விடுதி, ஓட்டுநர், ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் ஆகியவற்றின் எண்கள்.

ஊரே கொந்தளிக்கும் நாளும் வரலாம். 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து குவாசூலு-நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் வெடித்த கலவரத்தில் 350 பேருக்குமேல் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, நெடுஞ்சாலை மூடப்பட்டது. சாண்டனின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் ஏழைக் குடியிருப்பான அலெக்சாண்ட்ராவின் தகரக் கொட்டகைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு நெடுஞ்சாலைதான். இத்தகைய நாளில் விமான நிலையத்துக்கு விரைவதைவிட இருக்கும் விடுதியிலேயே இரண்டு மூன்று நாள் நீட்டித்துத் தங்குவது பெரும்பாலும் பாதுகாப்பு. அதற்கான செலவை யாரையும் கேட்காமல் செய்யும் அதிகாரம் பயணியிடம் இருக்கவேண்டும்.

ஊரிலிருந்து தொடர்பில் இருப்பதற்கு ஒருவர் போதும். காலை கிளம்பும்போது, சேர்ந்தபின், இரவு அறைக்குத் திரும்பியபின் ஒரு குறுஞ்செய்தி. தென்னாப்பிரிக்க நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால் அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே அதிகாலை ஒன்றரை. அந்த நேரத்தில் விழித்திருக்கப்போவது யார், செய்தி வராவிட்டால் எத்தனை நிமிடம் கழித்து யாரை அழைப்பது என்று எழுதிவைக்காத ஏற்பாடு உதவாது.

வார இறுதியில் ஒருநாள் மிஞ்சினால் தமிழர்கள் பலர் பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டுக்குப் போக விரும்புவார்கள். சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அங்கே இருக்கிறது. கட்டாயம் போகவேண்டிய இடம். ஆனால் அது பழைய நகர மையத்தை ஒட்டியது, பரந்த இடம், சில நேரம் ஆளரவம் இருக்காது. உள்ளூர்த் தமிழ் அமைப்பினர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு காலையில் போய்விட்டு வரலாம், வண்டி வாசலில் காத்திருக்கட்டும்.

திரும்பும் நாளில் ஏற்பாடு தளர்ந்துவிடும். அன்றும் அதே ஓட்டுநர், அதே கவனம். ஊர் வந்ததும் எந்த ஓட்டுநர் சரியாக வந்தார், எந்த விடுதி வாசலில் அதிகநேரம் நிற்கவேண்டியிருந்தது, எந்தச் சந்திப்பு இருட்டும்வரை இழுத்தது என்பதைப் பயணி எழுதித் தரவேண்டும். பயண இடர் மேலாண்மைக்கென்று 2021இல் வந்த ஐஎஸ்ஓ 31030 வழிகாட்டி நெறி, பாதுகாப்புக்கான பொறுப்பைப் போகிறவரிடம் மட்டும் விடாமல் அனுப்புகிற நிறுவனத்திடமும் வைக்கிறது. ஐந்து பேர் வேலைசெய்யும் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். பயணி எழுதித் தரும் குறிப்பைக் கேட்டு வாங்கி, அடுத்துப் போகிறவரின் டிக்கெட்டைப் பதிவுசெய்யும் முன் அவர் கையில் கொடுக்கவேண்டியவர் முதலாளி.