நெடுவில்லும் வளைமுனை வில்லும்

சாத்தூர்ப் பகுதியிற் கோவிற்கொடை நிகழும் இரவுகளில் வில்லுப்பாட்டைக் கேளாத மாணவர் நம்மிற் சிலரே இருப்பர். குடத்தின்மேல் வில்லைக் கிடத்தி, வீசுகோலால் நாணைத் தட்டி, மணிகள் ஒலிக்கக் கதை பாடும் அழகு நம் நாட்டிற்கே உரியது. போர்க்கருவி பாட்டுக்கருவியான பின்னும் வில்லின்மேல் நமக்குள்ள பற்றுக் குறையவில்லை. அப்பற்றின் காரணமாக, “முன்னோர் வில்லுக்கு இக்கால வில் ஈடாகாது” என்று ஒரு சாராரும், “மூங்கில் வில் சிறுபிள்ளை விளையாட்டிற்கே ஆகும்” என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இருதிறத்தாரும் அளந்து பாராமற் பேசுகின்றனர் என்பதே நமது கருத்து.

வில்லாளி தன் உழைப்பை முதலில் வில்லின் கைகளிற் சேமிக்கின்றான். நாணை விட்டவுடன் அஃது அம்பைச் சென்று சேர்கின்றது. நெடுவில்லில் இழுப்பு மெல்ல ஏறி முடிவிற் கடுமையாகின்றது. முனைகள் எதிர்ப்புறம் வளைந்த ரீகர்வ் வில்லிலோ, தொடக்கத்திலேயே இறுக்கம் மிகுதி. இழுக்குந்தோறும் முனைகள் விரிந்து கொடுத்தலால் இறுதியிற் கடுமை குறைவு. ஆகவே, கை தாங்கும் இறுதிப் பாரம் இரண்டிலும் 40 இராத்தலேயாயினும், ரீகர்வ் வில்லில் சேமிக்கப்படும் ஆற்றலே அதிகம். மேலும், நெடுவில் தன் நீண்ட கைகளை அசைத்தற்கே அவ்வாற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகின்றது.

பந்தய ரீகர்வ் இலேசான அம்பிற்கு விநாடிக்கு ஏறத்தாழ 200 அடி வேகம் தருமெனவும், மரத்தாலான நெடுவில் 170 அடி தருமெனவும் கொள்வோம். ஒலிம்பிக் இலக்கு 70 மீட்டர், அதாவது 230 அடித் தொலைவில் உள்ளது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிடின், முன்னது 1.15 விநாடியிலும் பின்னது 1.35 விநாடியிலும் அங்கே சேரும். அதற்குள், நேர்நோக்கிய கோட்டினின்றும் முன்னது 21 அடியும் பின்னது 29 அடியும் தாழும். ஐந்தில் ஒரு விநாடி எட்டடியாக விளைகின்றது! ஆதலின் நெடுவில்லோன் தூரத்தைக் கணிப்பதிற் செய்யும் சிறுபிழையும் பெரும்பிழையாகும்.

எனினும், வேகம் ஒன்றே வில்லின் மதிப்பன்று. கனத்த அம்பு மெதுவாகச் சென்றாலும் வில்லின் ஆற்றலில் மிகுதியை ஏற்றுச் செல்லும். 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலக் கப்பலிற் கிடைத்த நெடுவிற்களை வளைக்க 100 இராத்தலுக்கு மேற்பட்ட வலிமை வேண்டுமென ஆராய்ந்தோர் கூறுவர். இந்தியக் காலாளின் வில் ஆளுயரமுடையதென்றும், அதனைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து எய்வரென்றும், கேடயமும் மார்க்கவசமும் அதன் கணைக்கு நில்லாவென்றும் கிரேக்க ஆசிரியர் அர்ரியன் எழுதிவைத்தார்.

கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே கணை யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களைத் துளைத்ததெனப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகின்றார். அது புலவர் வாக்கு. அதனை வேகக் கணக்காகக் கொள்வது பாட்டிற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழைக்கும் குற்றமாகும்.

மூங்கில் வில்லை இகழ்வோர் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். பந்தய ரீகர்வின் விலை நம் சிற்றூர்ப் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதன்று. இராஜஸ்தானத்துப் பழங்குடியிற் பிறந்த லிம்பா ராம் மூங்கில் வில்லிற் பழகியவரே. அவர் 1988 முதல் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவிற்காக எய்தார். கருவி பின்னர் வந்தது. கண்ணும் கையும் முன்னரே பழகியிருந்தன.

பேனா முள் தொழிலாற் பேர்பெற்ற சாத்தூரார்க்கு நாம் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தகடு ஒன்றேயாயினும், வளைவும் பிளவும் வேறுபட்டால் எழுத்தும் வேறுபடுமன்றோ? ஆகவே மாணவ நண்பர்களே, இருவகை வில்லையும் மைதானத்திற்குக் கொணருங்கள். அம்பை நிறுத்து, தூரத்தை அளந்து, நேரத்தைக் குறியுங்கள். முன்னோரைப் புகழ்வது எளிது; அவர் செய்ததை அறிந்து புகழ்வதே அவர்க்குச் செய்யும் மரியாதை.