லேபிள் கோளாறு

மிளகாய்த்தூள் டப்பாவில் 'சர்க்கரை' என்று லேபிள் ஒட்டினால் என்ன ஆகும்? நண்பரின் ஆபீஸ் வெப்சைட்டில் அதுதான் ஆயிற்று. திறந்தால் தமிழைக் காணோம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'க்கள் வரிசையாக நிற்கின்றன. "ஃபான்ட் போச்சு, பூரா திரும்ப டைப் அடி" என்றார் மேனேஜர். பையன் ராத்திரி டூட்டிக்குத் தயார்.

"இருப்பா!" என்றேன்.

யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அதையே ஐ.எஸ்.ஓ. 8859-1 என்று நினைத்துப் படித்தால் மூன்று தனித்தனிக் கிறுக்கல். முதல் பைட் தமிழுக்கு எப்போதும் ஒன்றேதான். அதுதான் அந்த 'ஏ'!

பையன் பக்கத்துக்குள் மெட்டா டேகில் யூ.டி.எஃப்-8 என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெடர் வேறு சொன்னால், பிரவுசர் ஹெடரைத்தான் நம்பும். வீட்டுக்காரரைவிட வாட்ச்மேன் சொல் எடுபடுகிற கதை.

'கர்ல்' கமாண்டில் ஹெடரை மட்டும் வரவழைத்தோம். 8859-1 என்று பல்லிளித்தது. அப்பாச்சி செட்டிங்கில் 'ஆட்-டிஃபால்ட்-கேர்செட்' வரியை யூ.டி.எஃப்-8 ஆக்கி ரீலோட் செய்தோம். தமிழ் முழுசாக வந்தது. ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.

உங்களுக்கும் இப்படி ஆனால், அந்தக் கிறுக்கலைக் காப்பி பண்ணி ஒரிஜினல் மேலேயே சேவ் செய்துவிடாதீர்கள். அப்போதுதான் நிஜமாகவே கெடும்.