மாடு கொடுத்தீங்க, மேய்க்க நிலம் எங்கே?

'சமுதாய வளர்ச்சி' என்கிற சொல்லை முதலில் உரித்துப் பார்த்துவிட வேண்டும் தோழர்களே. 1952 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில், 55 திட்டங்களோடு இதைத் தொடங்கினார்கள். கிராமத்து ஜனங்களே ஒன்றுகூடி, உழைப்பைத் தானமாகத் தந்து, ரோடு போட்டு, கிணறு வெட்டி, பள்ளிக்கூடம் கட்டிக்கொள்வார்களாம். எந்த ஜனங்கள்? ஊரா, சேரியா? தலைமுறை தலைமுறையாக வெட்டி வேலை பார்த்தே முதுகு வளைஞ்சவன்கிட்ட போய் 'சிரமதானம்' கேட்டிருக்கானுங்க! அந்த ரோடும் பல இடங்களில் ஊர்த்தெரு முடிகிற இடத்திலேயே முடிந்துவிட்டது. கிராமம் என்பது என்ன என்று 1948 நவம்பர் 4-ஆம் தேதியே அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் போட்டு உடைத்திருந்தார். கேட்க ஆள் இல்லை.

இப்போது தொண்டு நிறுவனங்களின் காலம். சொல் மாறிவிட்டது: வாழ்வாதாரம், திறன் வளர்ப்பு, பங்கேற்பு. சாயங்காலம் காலனியில் ட்யூஷன் சென்டர், பெண்களுக்குத் தையல் மிஷின், கடனில் ஒரு கறவை மாடு. பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளக்கு எரிகிற வரைக்கும் படிக்கட்டும். ஆனால் மாட்டைக் கொடுத்தவன் ஒன்றை மட்டும் கேட்பதேயில்லை: இத எங்கய்யா மேய்ப்ப? மேய்ச்சல் தரை யார் வேலிக்குள் இருக்கிறது? புல்லுக்கு எவன் வரப்பில் போய்க் குனிய வேண்டும்? கறந்த பாலை ஊரில் வாங்குவானா? வரப்புக்காரனிடம் கூலிப் பிரச்சினை வந்த மறுநாளே மாடு பட்டினி. அப்புறம் மாடு சந்தைக்குப் போகும், கடன் மட்டும் வீட்டில் நிற்கும். 'பயனாளிகளுக்குப் பராமரிப்பு விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுவான்.

நிலம் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வெள்ளைக்காரன் ஆணை போட்டான். அப்படி வந்ததுதான் பஞ்சமி நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்து வருசம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களுக்குத்தான் கைமாற்றலாம். அதெல்லாம் எப்படி மற்றவன் பேரில் பட்டா ஆனது? கடனுக்கு, கைநாட்டுக்கு, மிரட்டலுக்கு. மிச்சத்தைத் தாலுகா ஆபீஸ் பேனா முடித்து வைத்தது. காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். மாடு கேட்டு எவனும் குண்டடி பட்டதில்லை, கவனித்தீர்களா?

பணமும் இல்லாமல் இல்லை. மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்க வேண்டிய சிறப்புக்கூறு திட்டம் 1979-80 முதல் ஏட்டில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். டெல்லியிலோ 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கே இந்தப் பணத்தைத் திருப்பி விட்டார்கள். உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டார். சேரிப் பிள்ளையின் பள்ளிக்கூடக் காசில் ஸ்டேடியம்!

மாணவத் தோழர்கள் லீவில் கிராம 'சர்வே' எடுக்கப் போகிறார்கள். எத்தனை வீட்டில் கழிப்பறை, எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். எண்ணட்டும். அப்படியே தாலுகா ஆபீசுக்கும் ஒரு நடை போகட்டும். 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டு, அந்த ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். பழையதில் 'டி.சி.' என்று இருந்த சர்வே எண், புதியதில் யார் பேரில் இருக்கிறது? அந்தப் பேரைச் சேரியில் நின்று சத்தமாக வாசியுங்கள். அப்புறம் நிதி தருகிறவன் அந்தப் பக்கம் வருகிறானா பார்க்கலாம்.