துணை விளக்கு மாட்டலாமா?

இரவுப் பணி முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தம் மகன், முன்புறத்தில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் பூட்டிக்கொள்ளப் பணம் கேட்கிறான் என்றும், கொடுப்பது தகுமா என்றும் நம் சங்கத்து அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டுள்ளார். தெருவிளக்கற்ற சாலை என்கிறார். ஆகவே பையனின் ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

முதலில், உள்ள விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தூசி படிந்திருந்தாலும், விளக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் பாதி வெளிச்சம் வீணாகும். இதைச் சீர்செய்யக் காசு வேண்டுவதில்லை. அதன் பிறகும் போதாதெனில், மேலே யோசிக்கலாம்.

சிறிய வண்டிகள் பலவற்றில் தலைவிளக்கு 35 வாட்தான். இருபது வாட் விளக்குகள் இரண்டு சேர்த்தால் 40 வாட். அதாவது, வண்டியின் மீது இன்னொரு தலைவிளக்குக்கும் அதிகமான பாரம். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும். வண்டி நெரிசலில் நின்று எஞ்சின் மெல்ல ஓடும்போது மின்னாக்கி அவ்வளவு தராது; குறை பாட்டரியின் தலையில் விழும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை நம்ப வேண்டாம். மீட்டர் வைத்து ஆம்பியர் அளந்து காட்டும் மெக்கானிக்கிடமே வேலையைக் கொடுக்கவும்.

மின்சாரத்தைக் கைப்பிடிச் சுவிட்ச் வழியே நேராக விளக்குக்குக் கொண்டுபோவது தவறு. சுவிட்ச் சூடேறித் தீயும். பாட்டரியிலிருந்து வரும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ், பின்னர் ரிலே, அதன் பின்னரே விளக்கு. ரிலேயை இயக்கும் மெல்லிய கம்பியை ‘ஹை பீம்’ கம்பியிலிருந்து எடுக்கும்படி சொல்லுங்கள். எதிரே ஆள் வரக் கண்டு பையன் ‘டிப்’ செய்தவுடன், துணை விளக்குகளும் தாமே அணைந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் மெக்கானிக் மறுத்தால் வேறு கடைக்குச் செல்லலாம் என்பது என் கருத்து.

ஏனெனில் எதிரே வருகிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் ஒரு விநாடியில் 14 மீட்டர் கடக்கிறான். கண் கூசிய பின் தெளிய ஓரிரு விநாடியேனும் ஆகும்; அதுவரை அவன் குருடன்தான். சைக்கிளில் வரும் கூலியாளோ நேரே பள்ளத்தில் இறங்குவான்.

விளக்கை நிலைப்படுத்த ஒரு சுவர் போதும். சமதரையில் சுவருக்கு 8 மீட்டர் முன்னே வண்டியை நிறுத்தி, ஓட்டுகிறவனை மேலே உட்கார வைக்க வேண்டும். ஆள் ஏறினால் பின்புறம் தாழ்ந்து ஒளி மேலெழும் அல்லவா? விளக்கின் உயரத்தைச் சுவரில் குறித்து, ஒளியின் நடுப்பகுதி அக்குறிக்கு ஒரு சாண் கீழே விழும்படி திருகவும். தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்காயின், ஒளி ஏறக்குறைய 25 மீட்டரில் தரையைத் தொடும்.

மார்கழி, தை மாதங்களில் வடநாட்டுப் பனிமூட்டத்துக்கு இவ்விளக்குகள் உதவும் என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். உயரத்திலிருந்து பாயும் வெள்ளொளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுகிறவன் முகத்துக்கே திரும்பும். தாழ்வாகப் பூட்டிய, மேல்விளிம்பு வெட்டிய அகல ஒளியே ஓரளவு பயன்படும். எங்கள் ரயில்வேயிலும் பனிக்காலத்தில் ஒளியை மட்டும் நம்பாமல், சிக்னலுக்கு முன்னே தண்டவாளத்தில் வெடி வைத்து டிரைவரை எச்சரிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இனிச் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உரிமையாளர் தம் விருப்பப்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பூட்டியவன் மகனாயினும் பொறுப்பு உரிமையாளருடையது. நம் குடும்பங்களில் வண்டி பெரும்பாலும் தகப்பனார் பெயரில்தானே இருக்கிறது! ஆகவே பணம் கொடுக்குமுன், அம்மையார் உள்ளூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நலம். வண்டி உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பின், பழைய கம்பி எதையும் வெட்டாமல் வேலை நடக்குமா என்பதையும் விற்ற கடையில் விசாரிக்கவும்.